கடை சாத்தும் பாட்டு

பூபாலனுக்குப் பிடித்த பாட்டை ஒலிக்கவிட்டால் வீட்டிலிருந்து ஏதாவது ஒன்று எழுந்து போய்விடும். மற்றபடி அந்தப் பாட்டில் எந்தக் குறையும் இல்லை.

முதலில் போனது பல்லி. டியூப்லைட்டுக்குப் பின்னால் குடியிருந்த அது, இரண்டாவது சரணத்தில் சுவரை விட்டு இறங்கி வாசல் வழியாக நடந்து போனது. அடுத்து காலண்டர். பிறகு ஃபிரிட்ஜ். கனம் அதிகம் என்பதால் அது ஒவ்வொரு படியாக நிதானித்து இறங்கியது. மறைமலைநகரில் இருந்த அந்தக் குடியிருப்பில் லிஃப்டை நம்பி யாரும் கிளம்புவதில்லை. பூபாலன் பின்னாலேயே போய் கேட்டைத் திறந்துவிட்டார். வேறென்ன செய்வது? அவர் மனைவி செண்பகவல்லி உள்ளே இருந்த மாவுப் பாத்திரத்தை மட்டும் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தாள். அவளுக்கு முன்யோசனை அதிகம்.

ஒருமுறை தொட்டில் போனது. அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. அது எப்போதும் காலியாகத்தான் இருந்தது.

அந்தப் பாட்டு ஜப்பானியப் பாட்டு. இளவயதில் பூபாலனை அவர் கம்பெனி பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பியது. கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். மூன்று வருடம். பகலெல்லாம் காருக்கான ரப்பர் வளையம் செய்வார். வேலை முடிந்ததும் ஊரிலிருந்த ஒரே பெரிய கடைக்குப் போய் மீன் அலமாரிக்கு எதிரில் நிற்பார். கடை சாத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஆள் வந்து, மிஞ்சிய சாப்பாட்டுப் பொட்டலங்கள் மேல் அரைவிலை என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவான். ஒட்டும்வரை யாரும் பொட்டலத்தைத் தொடக்கூடாது. பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒட்டிய பிறகு எடுத்து, திருப்பி, எதுவரை தாங்கும் என்று பின்பக்கம் போட்டிருக்கும் தேதியைப் படித்துவிட்டுக் கூடையில் போட வேண்டும். அந்த ஊர் மரியாதை அது. பூபாலனும் கற்றுக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் பாட்டு வரும். கூரையிலிருந்து வரும். ஒரு பெண்ணின் குரல், அவசரமே இல்லாத குரல். வார்த்தைகள் அவருக்குப் புரியவில்லை. அவருடைய ஜப்பானிய மொழி ரப்பர் வளையத்தோடு நின்றுவிட்டது. புரியாததால் எல்லா வரியும் தன்னைப் பற்றித்தான் என்று பட்டது. கோவில்பட்டியை விட்டு அவ்வளவு தூரம் வந்து, ஆறிப்போன மீனுக்கு முன்னால் நிற்கிற ஒருவனைப் பற்றி யாரோ அக்கறையாக விசாரிக்கிறார்கள் என்று தோன்றும். கண்ணில் தண்ணீர் முட்டும். ஆனால் கடையிலிருந்த மற்றவர்கள் பாட்டு தொடங்கியதும் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். ரசனை கெட்ட ஜனங்கள் என்று பூபாலன் நினைத்துக்கொள்வார்.

ஒரு டேப் ரிக்கார்டரைச் சாப்பாட்டுப் பையில் ஒளித்துக் கொண்டுபோய் அந்தப் பாட்டைப் பதிவு செய்தார். தள்ளுவண்டிச் சக்கரத்தின் கிறீச்சொலி, யாரோ இருமுவது, கடைசியில் ஒரு பெண் பணிவாக ஏதோ சொல்வது எல்லாம் சேர்ந்து விழுந்தன. அந்தப் பேச்சும் பாட்டில் சேர்த்தி என்று நினைத்து அதையும் மனப்பாடம் செய்தார்.

ஊருக்குக் கிளம்பும் முன் விருந்து வைத்தார்கள். அங்கே விருந்து என்றால் ஆளுக்கு ஒரு பாட்டு மைக் பிடித்துப் பாட வேண்டும். பூபாலன் தன் பாட்டைப் பாடி, அந்தக் கடைசிப் பேச்சையும் சொல்லி முடித்தார். எல்லாரும் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, குனிந்து வணங்கி, வரிசையாகப் போய்விட்டார்கள். சாப்பாடு அப்படியே இருந்தது. அப்படி உருகிப்போய்விட்டார்கள் என்று அவர் கோவில்பட்டியில் வந்து சொன்னார். கல்யாண வரவேற்பிலும் அந்த கேசட்டைப் போட்டார். முதல் பந்தி பாதி இலையில் எழுந்தது. பாயசம் ஊற்ற வந்தவர் வாளியோடு போனார்.

செண்பகம் மட்டும் உட்கார்ந்திருந்தாள். மணப்பெண் எழுந்து போக முடியாது.

அரைவிலைக் கதையை அவர் சொன்ன அன்று அவள் வெகுநேரம் சிரித்தாள்.

“அப்ப எங்கப்பா கொஞ்சம் பொறுத்திருந்தா உங்களையும் அரைவிலைக்கே முடிச்சிருக்கலாம்.”

“ஸ்டிக்கர் ஒட்டுற வரைக்கும் தொடக்கூடாது.”

“தொடாமத்தான் நின்னேன். நீங்கதான் மாலைய நீட்டுனீங்க.”

ஃபிரிட்ஜ் போன பிறகு பூபாலன் கேசட்டை அரிசிப் பீப்பாய்க்குள் புதைத்துவிட்டார். ஆனால் பாட்டு செண்பகத்தின் வாயில் ஒட்டிக்கொண்டது. வெங்காயம் நறுக்கும்போது முணுமுணுப்பாள். அவள் பாடினால் எதுவும் போகாது, ஒரு கரண்டிகூட அசையாது. காரணம், அவள் மூன்றாவது வரியை எப்போதும் விட்டுவிடுவாள். இரண்டிலிருந்து நாலுக்குத் தாவுவாள்.

“ஒரு வரிய விட்டுட்ட.”

“அது என் வாயில நுழையல. கெடக்கட்டும்.”

அப்படியே பல வருடம் ஓடியது. இந்த வருடம் செண்பகம் படுத்துவிட்டாள். டாக்டர் ஒருவர் வந்து அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு சுவரின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

“ஏங்க, அந்தப் பாட்டப் போடுங்களேன்,” என்றாள் செண்பகம்.

“வேணாம். வீட்ல மிச்சம் இருக்கிறதே கொஞ்சம்தான்.”

“என்ன பயம்?”

“எது போகும்னு தெரியாது.”

“எனக்குத் தெரியும்.”

பூபாலன் போய் அரிசிப் பீப்பாய் மேல் உட்கார்ந்துகொண்டார். யார் வந்து கேட்டாலும் எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்தார். செண்பகம் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படுத்தபடியே பாடத் தொடங்கினாள். முதல் வரி. இரண்டாவது வரி. பூபாலன் நாலாவது வரிக்குக் காத்திருந்தார். மூன்றாவது வரி வந்தது. ஒரு எழுத்து பிசகாமல் வந்தது.

அவள் எழுந்தாள். போர்வையை மடித்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, அடுப்படியிலிருந்து கூடையை எடுத்துக்கொண்டாள்.

“எங்க போற?”

“கடை சாத்துறாங்க.”

“எந்தக் கடை?”

“இது கடை சாத்துற பாட்டுங்க. எல்லாரும் கெளம்புங்கன்னு மொகத்துக்கு நேரா சொல்லக் கூச்சப்பட்டுப் பாட்டாப் போட்டிருக்காங்க. மூணு வருஷம் அங்கயே நின்னிருக்கீங்க, தெரியாதா?”

“உனக்கு யாரு சொன்னா?”

“கேட்டாலே தெரியுதே.”

நிலைப்படியில் நின்று அவரை நோக்கிக் குனிந்து வணங்கினாள். அதை அவர் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. பூபாலன் செருப்பைத் தேடி எடுப்பதற்குள் வெளியே தாழ்வாரம் நீண்டுவிட்டது. அடுத்த வீட்டுக் கதவே கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அதற்கும் அப்பால் அவள் புடவை கொஞ்சமாகத் தெரிந்தது. பல்லி இல்லாமல் இருந்துவிடலாம். ஃபிரிட்ஜ் இல்லாமல் இருந்துவிடலாம். இவள் இல்லாமல் முடியாது. இதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை என்பது ஓடும்போதுதான் நினைவுக்கு வந்தது.

கீழ்வாசலில் ஹபிபுல்லா பாய் இருந்தார். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். கொஞ்ச காலமாகக் கண்ணாடிக் கதவாக இருக்கிறார், யாராவது முன்னால் வந்து நின்றால் தானாகத் திறக்கிற வகைக் கதவு. சங்கத்தில் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

“பாய், செண்பகம் இந்தப் பக்கம் வந்தாளா?”

“வந்தாங்க. நான்தான் தெறந்தேன்.”

“ஏன் தெறந்தீங்க?”

“முன்னாடி வந்து நின்னாங்க, சார். இப்ப எனக்கு அதான் வேலை.”

“திரும்பி வரணும், பாய். எப்படியாச்சும்.”

ஹபிபுல்லா பாய் யோசித்தார். யோசிக்கும்போது பாதி திறந்து பாதி மூடினார்.

“சாத்துறதுக்கு ஒரு பாட்டுன்னா தெறக்கிறதுக்கும் ஒரு பாட்டு இருக்கணும்ல. காலைல போட்டிருப்பாங்க. அதைப் பாடுங்க. வந்துருவாங்க.”

“காலைல நான் ஃபேக்டரில இருந்தேன்.”

“லீவு நாள்ல?”

“தூங்கினேன்.”

“மூணு வருஷமும்?”

“மூணு வருஷமும்.”

ஹபிபுல்லா பாயின் கண்ணாடியில் பூபாலனின் முகம் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

பூபாலன் தனக்குத் தெரிந்த ஜப்பானியப் பாட்டுகளை எல்லாம் பாடினார். ஃபேக்டரியில் வேலை தொடங்கும் முன் உடற்பயிற்சிக்காகப் போடும் பியானோ மெட்டைப் பாடினார். குடியிருப்பில் எல்லாரும் பால்கனிக்கு வந்து கையைத் தூக்கி இறக்கினார்கள். செண்பகம் வரவில்லை. சோறு வெந்ததும் குக்கர் பாடுகிற சின்ன மெட்டைப் பாடினார். அந்த மெட்டு கேட்டால் அந்தக் காலத்தில் தனியாக இருக்கிறோம் என்பதே மறந்துவிடும். வாசலில் சோற்று வாசனை வந்தது, அவள் வரவில்லை. கோடைகாலம் பற்றி இளம் பெண்கள் கூட்டமாகக் குதித்துப் பாடும் ஒரு ரேடியோப் பாட்டு இருந்தது. அதைப் பாட வெட்கமாக இருந்தது. ஆனாலும் குதித்துப் பாடினார். கடைசியாக, அவருடன் வேலை பார்த்த நிஷியோகா குடித்துவிட்டுப் பாடும், பனி கொட்டுகிற துறைமுகத்தைப் பற்றிய பாட்டைப் பாடினார். நிஷியோகாவே வந்துவிட்டார். கொஞ்ச நேரம் அழுதார். பூபாலனின் தோளைத் தட்டினார். பஸ் பிடித்துப் போய்விட்டார்.

இனிப் பாட எதுவும் இல்லை. இவ்வளவு பாட்டு தெரிந்துவைத்து என்ன பிரயோஜனம் என்று பூபாலன் படியில் உட்கார்ந்தார்.

அப்போது அவள் பாடுகிற விதம் நினைவுக்கு வந்தது. வெங்காயத்துக்கு நடுவில், மூன்றாவது வரி இல்லாமல். அவள் அப்படிப் பாடிய காலம் முழுக்க வீட்டிலிருந்து எதுவும் போகவில்லை. பூபாலன் அவள் பாடியது போலவே பாடினார். முதல் வரி. இரண்டாவது வரி. தொண்டை வரை வந்த மூன்றாவதை விழுங்கிவிட்டு நாலாவதற்குத் தாவினார்.

ஹபிபுல்லா பாய் முழுதாகத் திறந்தார். “வாங்க, வாங்க,” என்றார்.

கூடையோடு ஜனங்கள் உள்ளே வந்தார்கள். பூபாலன் அவர்களுக்கு முன்னால் மேலே ஓடினார். தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் அலமாரிகள் நின்றன. வீட்டிலிருந்து போனவையும் வீட்டில் மிஞ்சியவையும் வந்து தட்டுகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. காலண்டர் இருந்தது. பல்லி ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருந்தது. தன் இடுப்பில் கடையாட்கள் அணியும் முன்துணி கட்டியிருப்பதைப் பூபாலன் பிறகுதான் கவனித்தார்.

செண்பகமும் வந்தாள். முகத்தில் நோய் இல்லை. பூபாலன் சந்தோஷமாக அவள் முன்னால் போய் நின்றார்.

“வந்துட்டியா.”

“கறிவேப்பிலை எங்க இருக்குங்க?” என்றாள் அவள்.

“நீ வச்ச எடத்துலதான்.”

“நான் எதுவும் வைக்கலையே.” அவரை ஒருமுறை பார்த்தாள். “நீங்க இங்க ரொம்ப நாளா இருக்கீங்களா?”

“உன்கூடத்தான் இருக்கேன், செண்பகம்.”

“அப்படிங்களா,” என்றாள் மரியாதையாக.

அவள் தன் மூக்குக் கண்ணாடியை எடுத்துக் கூடையில் போட்டாள். மாவுப் பாத்திரத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். தொட்டிலுக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள்.

“அத எடுக்காத.”

“காலியாத்தான இருக்கு,” என்று சொல்லி அதையும் கூடையில் வைத்தாள். கூடை கொண்டது.

அப்போது கூரையிலிருந்து பாட்டு தொடங்கியது. அந்தக் குரல்தான். சக்கரத்தின் கிறீச்சொலி, இருமல் எல்லாம் இருந்தன. மூன்றாவது வரியும் இருந்தது. ஜனங்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசையாகக் கிளம்பினார்கள். பூபாலன் கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார். எல்லாரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சுற்றிப் போனார்கள்.

செண்பகம் மட்டும் போகவில்லை. மீன் அலமாரிக்கு எதிரில் நின்றாள். அந்தப் பக்கம் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பூபாலனுக்குப் புரிந்துவிட்டது. இடுப்புத் துணியின் பையில் கையைவிட்டார். மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தது. ஒன்றைக் கிழித்துத் தன் சட்டையின் நெஞ்சில் ஒட்டி, ஓரம் தூக்காமல் நன்றாக அழுத்தினார். அலமாரியில் ஏறி அயிலை மீனுக்கும் சோற்று உருண்டைக்கும் நடுவில் ஒருக்களித்துப் படுத்தார். குளிராக இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டார்.

அவள் வந்தாள். அவரை இரண்டு கையாலும் எடுத்தாள். அவளுக்கு அவர் கனக்கவில்லை. ஸ்டிக்கரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். பழைய சிரிப்புதான். பிறகு அவரைத் திருப்பினாள்.

முதுகில் தேதி போட்டிருந்தது. அவருக்கு அது தெரியாது. அவள் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தாள்.

“அடடா,” என்றாள்.

அவரை எடுத்த இடத்திலேயே வைத்தாள். ஸ்டிக்கர் வெளிப்பக்கம் தெரியும்படி திருப்பி வைத்து, சட்டைக் காலரையும் நேராக்கிவிட்டாள். குனிந்து வணங்கினாள். கூடையோடு கடைசி ஆளாக நடந்தாள். கீழே ஹபிபுல்லா பாய் திறக்கிற சத்தமும் பிறகு மூடுகிற சத்தமும் கேட்டன.

பாட்டு முடிந்து அந்தப் பெண் பணிவாகப் பேசத் தொடங்கினாள். பூபாலனுக்கு அது மனப்பாடம். மீன்களுக்கு நடுவில் படுத்தபடி அவரும் கூடவே சொன்னார். விளக்குகள் வரிசை வரிசையாக அணைந்துகொண்டு வந்தன. அந்தப் பாட்டு இப்போதும் அவருக்குப் பிடித்திருந்தது.