தெற்குப் பார்த்த சமாதி

அமெரிக்காவில், பிளானோ நகரில் வீடு பார்க்க வரும் நம்மவர்கள் காரை விட்டு இறங்கியதும் வீட்டைப் பார்ப்பதில்லை. கைபேசியில் திசையைப் பார்ப்பார்கள். கிட்டுசாமியின் வாசலில் அது தெற்கைக் காட்டும். உடனே குடும்பத் தலைவருக்கு எங்கோ ஒரு அவசர மீட்டிங் நினைவுக்கு வந்துவிடும். மனைவி மட்டும் மரியாதைக்கு, "லான் நல்லா மெயின்டெயின் பண்ணிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொள்வார்.

தெற்குப் பார்த்த வீடு என்பதால்தான் அது கிட்டுசாமிக்கு அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. எட்டு வருடமாக அந்தச் சாமர்த்தியத்தைப் போகிற கொலுவிலெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவர், வாங்கும்போது மலிந்த திசை விற்கும்போதும் மலிந்துதான் கிடக்கும் என்று யோசிக்கவில்லை. ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் வளர்ந்தவருக்கு இது அழகில்லை.

ஆனால் விற்றாக வேண்டும். மனைவி வசந்தாமணிக்குக் கலிபோர்னியாவின் சான்டா கிளாராவில் பெரிய வேலை கிடைத்து, மகள் வெண்பாவோடு பொங்கல் முடிந்ததுமே போய்விட்டாள். வீடு விற்றால்தான் இவரும் போகலாம். அதுவரை ஃப்ரோசன் பரோட்டாவும் ஹாலில் கிடக்கும் பழைய சோபாவும்தான் துணை.

"ஏனுங்க, அந்தச் சோபாவத் தூக்கிப் போட்டீங்களா இல்லீங்களா?" என்பாள் வசந்தாமணி போனில். "நீங்க படுத்துப் படுத்துப் பள்ளம் உளுந்து கெடக்குது. பாக்க வர்றவங்க என்ன நெனைப்பாங்க?"

"உள்ள வந்தாத்தான கண்ணு நெனைக்கறதுக்கு!"

கடைசியில் வீட்டுத் தரகர் ஷ்யாமளா கூப்பிட்டார். "சார், மிஸஸ் ஹுவாங்னு ஒரு சைனீஸ் லேடி சனிக்கிழமை வரா. அவாளுக்கு சவுத் ஃபேசிங்னா உசிரு. நீங்க தயவுசெஞ்சு எங்கியாவது வெளில போயிடுங்கோ. ஓனர் வாயைத் தொறந்தா டீல் கெடும்."

சந்தையில் வளர்ந்தவன் சரக்கு விற்கும்போது வெளியே போவானா? கிட்டுசாமி ஃபெங் ஷுய் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினார். எங்கே ஆரம்பித்தாலும் எல்லாம் பெய்ஜிங்குக்கு வடக்கே, மிங் பேரரசர்களின் சமாதிகளில் போய் நின்றன. முதுகுக்கு மலை, முன்னால் நீர், இரண்டு பக்கமும் டிராகனும் புலியுமாகக் காவல் குன்றுகள், வாசல் தெற்கே.

எழுந்து முன்னும் பின்னும் ஜன்னல்களைத் திறந்தார். பின்னால் டோல்வே என்ற சுங்கச்சாலையின் மண்மேடு. முன்னால் வாத்து நீந்தும் குளம். ஒரு பக்கம் மாடி வீடு, மறுபக்கம் மாடியில்லாத வீடு. அவருக்குப் புல்லரித்தது.

சனிக்கிழமை மிஸஸ் ஹுவாங் மரத்தட்டில் பொருத்திய திசைகாட்டியோடு வந்தார். வாசலில் நின்று பார்த்தார், முகம் மலர்ந்தது. குளத்தைப் பார்த்தார், தலையாட்டினார். செருப்பைக் கழற்றி உள்ளேயே வந்துவிட்டார். ஷ்யாமளா ரகசியமாகக் கட்டைவிரலை உயர்த்த, கிட்டுசாமியால் அடக்க முடியவில்லை.

"மேடம், திஸ் இஸ் நாட் ஆர்டினரி ஹவுஸ். எக்ஸாக்ட்லி லைக் மிங் எம்பரர் டூம்ப்!"

நம் ஊரில் சித்தர் சமாதி என்றால் பக்கத்து மனைக்கெல்லாம் மவுசு கூடும். அந்த நினைப்பில் சொன்னார். மிஸஸ் ஹுவாங் திசைகாட்டியைத் தாழ்த்தினார்.

"செத்தவர்களுக்குப் பார்க்கும் கணக்கு வேறு, உயிரோடிருப்பவர்களுக்குப் பார்க்கும் கணக்கு வேறு" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுச் செருப்பை நோக்கி நடந்தார்.

"உங்க வாய்க்குப் பூட்டே கெடையாதா சார்?" ஷ்யாமளா பல்லைக் கடித்தார்.

சான்டா கிளாரா கண்ணெதிரே தூரமாகிக்கொண்டிருந்தது. கிட்டுசாமி பின்னாலேயே ஓடி, யாரும் இங்கே சாகவில்லை, ஜலதோஷம்கூடப் பெரிதாக வந்ததில்லை என்று சத்தியம் செய்தார்.

ஒரு செருப்பை மாட்டியிருந்த மிஸஸ் ஹுவாங் நிமிர்ந்தார். "அப்படியென்றால் ஏன் விற்கிறீர்கள்?"

"என் மனைவிக்குக் கலிபோர்னியாவில் சாஃப்ட்வேர் டைரக்டர் வேலை."

"இந்த வீட்டுக்கு வந்தபோது?"

"சாதாரண டெஸ்டர்."

"பிள்ளைகள்?"

"ஒரே மகள். செஸ்ஸில் மாநில சாம்பியன்."

"நீங்கள்?"

கிட்டுசாமி யோசித்தார். "அதே கம்பெனி. அதே வேலை." கை தன்னையறியாமல் சோபாவைக் காட்டியது. "அதில் படுத்துக்கொண்டு."

மிஸஸ் ஹுவாங் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தார். சோபாவின் பள்ளத்தைக் குனிந்து பார்த்தார். அதன் நடுவில் திசைகாட்டியை வைத்தார். முள் நின்றதும், சோபாவும் தெற்கையே பார்ப்பது தெரிந்து சிரித்துவிட்டார்.

"சக்கரவர்த்திகள் மலையும் நீரும் தேடி அலைந்தது தாங்கள் சுகமாகப் படுக்கவா? படுத்திருப்பவருக்கு ஒன்றும் வராது. அவருடைய வம்சம் செழிக்கும். நல்ல சமாதியின் வேலை அதுதான். இங்கே நீங்கள் அசையவேயில்லை, குடும்பம் உயர்ந்துவிட்டது."

ஷ்யாமளா சிரிப்பை இருமலாக மாற்றினார். கோபப்படலாமா என்று கிட்டுசாமி ஒரு கணம் பார்த்தார். சரக்கு நகரும்போது ரோஷம் எதற்கு?

"எட்டு வருஷமாக அசையவில்லை, மேடம்" என்றார் பணிவாக.

"சோபா இங்கேயே இருக்க வேண்டும். என் கணவர் படுப்பார்."

"அது என் உயிர். அது வேண்டுமானால் வீட்டுக்கு இன்றே ஆஃபர் எழுதிக் கொடுங்கள்."

"அப்படியானால் ஃப்ரிட்ஜும்."

பரோட்டாவோடு சேர்த்துக் கொடுத்தார்.

சாயங்காலம் போன் போட்டார். "கண்ணு, வூடு வித்துப்போச்சு!"

"நெசமாலுமா! எப்படீங்க?"

"நான் செத்த கணக்குல வித்துட்டேன். சோபாவும் அதோட போச்சு."

பின்னாலிருந்து வெண்பாவின் குரல் கேட்டது: "ஃபைனலி!"

"வூட்டச் சொல்றாளா, சோபாவச் சொல்றாளா?"

"ரெண்டையுந்தானுங்க. சீக்கிரம் கெளம்பி வாங்க. இங்க இருக்கறது ஒரே ஒரு சோபா. அதுல இனி நான் படுத்துக்கறேன், நீங்க முன்னேறுங்க."