ஹெஸ்கேல் வாத்தியார் பிந்தி வந்த காலை

ஜெருசலேம் சந்தைக்குப் பின்னாலிருந்த சின்ன ஜெப ஆலயத்தில் யூதப் புத்தாண்டுக்கு முந்தைய எலூல் மாதம் முழுக்க விடியுமுன் மன்னிப்பு வேண்டுதல் நடக்கும். ஓய்வுபெற்ற வேதபாட ஆசிரியர் ஹெஸ்கேலுக்கு அங்கே வருகிற ஒருவரையும் மதிக்கத் தோன்றியதில்லை. மீன் விற்கிறவன், சாவி செய்கிறவன், பஸ் ஓட்டுகிறவன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற இந்தக் கூட்டம் கடவுளிடம் என்னத்தைக் கேட்டுவிடப் போகிறது? அதிலும் பிந்தி வந்து நடுவில் தொற்றிக்கொள்கிறவர்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்.

அன்று அலாரம் அடித்தும் அவரே தூங்கிப்போனார். போய்ச் சேர்ந்தபோது பாதி முடிந்திருந்தது. மீன் விற்கிற சபன் நகர்ந்து இடம் கொடுத்து, அவர் புத்தகத்தில் பக்கத்தைத் தொட்டுக் காட்டினான்.

"இங்க இருக்கோம், வாத்தியாரே. விட்டதை அப்புறம் பாத்துக்கலாம். சேந்துக்குங்க."

"விரலை எடுய்யா, மீன் நாத்தம். பாதியில ஏறிக்க இதென்ன டவுன் பஸ்ஸா?"

முதல் பக்கத்திலிருந்து கணீரென்று தொடங்கினார். இறைவனின் பதின்மூன்று இரக்க குணங்களைச் சொல்ல எல்லாரும் எழுந்தார்கள். பத்துப் பேர் சேர்ந்தால்தான் அதை ஜெபமாகச் சொல்லலாம். அப்போது எந்தப் பக்கத்தில் இருந்தாலும் நிறுத்திவிட்டுக் கூடச் சொல்ல வேண்டுமென்பது அவருக்கும் தெரியும். ஆனால் மீன்காரன் சொல்லியா நிறுத்துவது? குரலை உயர்த்திப் படித்துக்கொண்டே போனார். ஆட்டுக்கொம்பு ஊதினார்கள். மறுபடி எழுந்தார்கள், மறுபடியும். அவர் அசையவில்லை.

அவர் அந்தப் பதின்மூன்று குணங்கள் இருந்த பக்கத்துக்கு வந்து நிமிர்ந்தபோது எல்லாரும் காலை ஜெபத்துக்குப் போர்வை போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"ஓவாதியா, கொஞ்சம் நில்லு," என்றார் ஜெபம் நடத்துகிறவரிடம். "எனக்காக இன்னொரு தடவை எல்லாரும் சொல்லுங்க."

"விடிஞ்சிடுச்சு, வாத்தியாரே. இத்தனை தடவை சொன்னோமே, எங்க போயிருந்தீங்க?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"ஜெபமா இல்லாம, வேதம் வாசிக்கிற ராகத்துல தனியா வாசிச்சுக்கலாமே," என்றான் சபன் மெதுவாக. "அதுல தப்பில்ல."

"உன்னை யாராவது கேட்டாங்களா?"

ஆனாலும் சுவர்ப்பக்கம் திரும்பி அப்படித்தான் வாசித்தார். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே வறட்டுக் குரல். 'இரக்கமும் கிருபையும்' என்ற இடத்தில் நிறுத்தி, அதையே இன்னொரு தடவை வாசித்தார். யாரும் கவனிக்கவில்லை. அதுவும் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் இரண்டு தெரு தள்ளி வேறொரு ஜெப ஆலயத்துக்கு எல்லாருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தார். அங்கே வந்தவர்களையும் அவருக்குப் பிடிக்கவில்லை.