நேரில் கையொப்பம் பெற்று வரவும்

சங்கப் பலகையிலிருந்த தாளைக் காசிநாதன் கிழித்தபோது, உபகாரமேரி மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். மலையடிவாரத்துச் சுகாதார அலுவலகத்துக்கு அவர் புதிய கண்காணிப்பாளர். அவள் கிராமச் செவிலியர். செவிலியர் சங்கத்தின் வட்டாரச் செயலாளரும்கூட.

"கவர்மென்ட் சுவத்துல இன்னாம்மா இதெல்லாம்?"

"பலகை எங்க சங்கத்துக்கு ஆபீசே குடுத்ததுங்க சார். நோட்டீஸ் ஒட்டறது எங்க உரிமை."

"போன்ல சொல்லிக்கோங்க."

கல்வராயன் மலையில் பாதித் துணைச் சுகாதார நிலையங்களில் சிக்னல் கிடையாது. மருந்து எடுக்க இறங்கி வருகிறவள் பலகையைப் படிப்பாள். திரும்பும் வழியில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே போவாள். சனிக்கிழமை கள்ளக்குறிச்சியில் மாவட்ட அதிகாரி, மலை நிலையங்களின் பாதுகாப்பு பற்றிப் பேசச் சங்கத்தைச் சந்திக்க ஒப்புக்கொண்டிருந்தார்; கிழிபட்ட தாளில் இருந்தது அந்தச் செய்திதான். மலைமேல் ஒரு துணை நிலையத்தில் செவிலியர் தேவதர்ஷினி, தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு எடை மெஷினை முட்டுக்கொடுத்துவிட்டுத் தனியாகத் தூங்குகிறாள். அவளே வந்து சொல்லாவிட்டால், மலையில் யாருக்கும் குறையில்லை என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

உபகாரமேரி பேசாமல் நின்றாள். சத்தம் போடுகிறவர்களைச் சமாளிக்கக் காசிநாதனுக்குத் தெரியும். இப்படி நிற்பவளை என்ன செய்வதென்று தெரியவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"இன்னா, பெருசா ஏதாவது பண்ணப் போறீங்களா?"

அவள் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

அந்தப் பயத்திலேயே மதியம் ஒரு சுற்றறிக்கை தயாரானது. அவர் ஒழுங்கான ஆள்; எழுதினால் எதையும் விட மாட்டார். 'சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கள்ளக்குறிச்சி மாவட்ட அலுவலகத்தில், மலை நிலையங்களின் பாதுகாப்பு குறித்து நடைபெறவுள்ள சங்கச் சந்திப்பில், முறையாக விடுப்பு பெறாமல் எவரும் கலந்துகொள்ளக் கூடாது. எல்லாத் துணை நிலையங்களிலும் நேரில் கையொப்பம் பெற்று வரவும்.'

டிரைவர் சுப்புராயன் மலை முழுக்கச் சுற்றினார். ஜீப் போகாத ஊர்களுக்கு நடந்தே போய்க் கையெழுத்து வாங்கினார்.

சனிக்கிழமை, மாவட்ட அலுவலக வாசலில் உபகாரமேரி தனியாகப் பேசுவதற்கு மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. தேவதர்ஷினி இறங்கினாள். பின்னாலேயே வெள்ளிமலைப் பக்கத்துச் செவிலியர் கலையரசி. அதற்குள் இன்னொரு ஆட்டோவும் வந்துவிட்டது.

"யாருடி சொன்னது உங்களுக்கு?"

"சுத்தறிக்கை வந்துச்சேக்கா," என்றாள் தேவதர்ஷினி. "நேரம், எடம், இன்னா பேசப் போறாங்க, எல்லாம் இருந்துச்சு. நம்ம நோட்டீஸ்லகூட இவ்ளோ தெளிவா இருக்காது."

"லீவு?"

"எழுதிக் குடுத்துட்டுதான் வந்தோம். சார் சொன்னா தட்ட முடியுமா?" என்றாள் கலையரசி.

உள்ளே தேவதர்ஷினி குரலை உயர்த்தாமல் பேசினாள். எடை மெஷினைப் பற்றிச் சொன்னதும் அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். கதவுகளை உடனே சரிசெய்ய அங்கேயே உத்தரவிட்டார்.

திங்கட்கிழமை உபகாரமேரி புதுத் தாளோடு பலகை முன் நின்றாள். காசிநாதன் வந்தார்.

"அதான் எல்லாருக்கும் சேதி போய்டுச்சே. இன்னும் பலகை எதுக்கும்மா?"

"ஒவ்வொரு தடவையும் நீங்களே சொல்லி அனுப்புவீங்கன்னு நம்பிக்கினு இருக்க முடியுமா சார்?"

மேசையருகே நின்ற சுப்புராயன் சிரிப்பை மறைக்கச் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் அவசரமில்லாமல் நான்கு மூலைகளிலும் பின் குத்தினாள். காசிநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.