எடுக்கும் வரை எரியாத அடுப்பு

வடக்கனந்தல் கிழக்குத் தெருவில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறாம் ஆண்டு ஆடி மாதத்தில், அமெரிக்கக் கோதுமையை ஏற்றிய அடுப்பு ஒன்றுகூட எரியவில்லை. விறகு நன்றாகக் காய்ந்த வேலமர விறகு. தீயும் பற்றத்தான் செய்தது. பானைக்குள் கோதுமை விழுந்த மறுகணம் தலையைக் குனிந்துகொண்டு அணைந்துபோனது, புகைகூட வரவில்லை. அதே அடுப்பில் கிழங்கு வெந்தது, வெறும் தண்ணீர் கொதித்தது. கள்ளக்குறிச்சிக்காரர்கள் இதை இன்றைக்கும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், அந்த வருஷம் அவர்கள் வீட்டில் அரிசி இருந்தது.

கிழக்குத் தெருவில் எல்லோரும் கூலிக்காரர்கள். மழை கை விரித்துவிட்டதால் அறுப்பும் இல்லை, நடவும் இல்லை. ராசுவும் அவன் மனைவி காசியம்மாளும் பங்குனியில்தான் மகள் பாப்பாத்தியை வெறும் வயிற்றுக் காய்ச்சலுக்குக் கொடுத்திருந்தார்கள். மிச்சம் இருந்தது ஐந்து வயது முனியன் ஒருவன். கை குலுக்கும் படம் போட்ட மூட்டைகளில் நிவாரணக் கோதுமை வந்து இறங்கியபோது, அப்பாடா, பிழைத்தோம் என்று தெருவே பெருமூச்சு விட்டது. அடுப்பு எரியாமல் போனதும் முனியன் பசி தாங்காமல் கோதுமையைப் பச்சையாக அள்ளித் தின்றான். வாந்தியும் பேதியுமாகக் கண் குழிந்துபோனான். குழையக் காய்ச்சிய கஞ்சிதான் மருந்து, வேறு எதுவும் தங்காது என்று கம்பவுண்டர் சொல்லிவிட்டுப் போனார். ராசு கல்வராயன் மலை ஏறி வள்ளிக்கிழங்கு தோண்டிக்கொண்டு வந்தான். கம்பவுண்டர் சொன்னபடியே அது பையன் குடலில் தங்கவில்லை. மலையிலும் கிழங்கு தீர்ந்துகொண்டு வந்தது.

அவர்கள் வேலை செய்த நிலத்துக்குச் சொந்தக்காரர் வீரமுத்து. அவர் மனைவி அமிர்தம் மனசு இளகி, மாட்டுக்குக் கொள்ளு வேகவைக்கும் அடுப்பில் கஞ்சி வைத்துக்கொள்ளச் சொன்னாள். அதுவும் அணைந்தது. இந்தக் கோதுமையில் என்னமோ இருக்கிறது என்று அமிர்தம் இரண்டடி தள்ளி நின்றாள். காசியம்மாள் மட்டும் செத்த அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாப்பாத்தி வீட்டுக்குள் கிடந்த அன்றைக்கும் தெருவில் ஒரு அடுப்பும் எரியவில்லை. பிணத்தை எடுக்கும் வரை யாரும் உலை வைக்கக் கூடாது, அது வழக்கம். அன்றைக்கு மனுஷர்கள் செய்ததை இப்போது நெருப்பே செய்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

“யாரோ எடுக்காம கெடக்குறாங்கம்மா,” என்றாள்.

பேப்பர் படிக்கிற வாத்தியார் பூமாலையிடம் போய்த் தெரு மொத்தமும் விசாரித்தது. கோதுமை வந்த தேசத்தில் யாருக்காவது துக்கமா என்று கேட்டார்கள். துக்கத்துக்கா பஞ்சம் என்றார் வாத்தியார். அந்தத் தேசம் வியட்நாம் என்கிற இடத்தில் சண்டை போடுகிறது, மீசை முளைத்த பையன்களுக்கெல்லாம் பட்டாளத்துக்கு வரச்சொல்லிச் சர்க்கார் உத்தரவு போகிறது. உத்தரவைக் கொளுத்தியவனும் உண்டு, எல்லை தாண்டி ஓடியவனும் உண்டு, இதனால் சாப்பாட்டு மேஜையில் அப்பனும் பிள்ளையும் முகம் பார்க்காமல் தின்றுவிட்டு எழுகிறார்களாம். அந்தச் சண்டை தப்பு என்று நம்ம சர்க்கார் ஒரு வார்த்தை சொல்லப்போய்த்தான் கோதுமைக் கப்பலும் தாமதமாகிறது என்றார். பிற்பாடு தெரிந்தது இது: இந்தக் கோதுமையை விதைத்தவன் அறுப்புக்கு முன்னால் சண்டைக்குப் போனான். அங்கே ஒரு நெல் வயலில் குப்புறக் கிடந்தான். அவன் அம்மாவிடம், ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொன்னார்கள். அவள் தினமும் அவனுக்கும் சேர்த்துத் தட்டு வைத்தாள். காணாமல் போனவனுக்கு யார் அழுவது?

சண்டையில் செத்து எடுக்காமல் கிடக்கும் அந்த யாரோ ஒரு பையனைத் தெருவே எடுத்துவிடுவது என்று முடிவானது. வைக்கோலில் உடம்பு கட்டினார்கள், மூட்டைச் சாக்கைக் கோடித்துணியாகப் போர்த்தினார்கள், மூங்கிலில் பாடை. எல்லாம் ஆனது. ஆனால் வாய்க்கரிசி போட்டு, என் மகனே என்று முதலில் அழவேண்டியவள் தாய். பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பின்வாங்கினார்கள். உயிரோடு பிள்ளையை வைத்துக்கொண்டு வைக்கோலைப் பார்த்து அப்படி அழுதால், அந்தச் சொல் வீட்டில் கிடப்பவன் தலையில் விடியும். வேண்டாம் என்று ராசு காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். காசியம்மாளுக்கும் பயம்தான். உள்ளே முனியன் உதட்டை நக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான்.

“அவன அழுதாத்தான் இவன் பொழைப்பான்,” என்று சொல்லிவிட்டுப் பாடை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதலில் பாப்பாத்தியை நினைத்துத்தான் அழுதாள், வேறு முகம் அவளுக்குத் தெரியாது. அழ அழ, பார்த்தே இராத ஒரு பையன் முகம் வந்து நின்றது. அதற்கப்புறம் அவனுக்காகவே அழுதாள், மகனே, மகனே என்று மண்ணில் புரண்டாள். போடுவதற்கு அரிசி இல்லை. வைக்கோல் வாயில் ஒரு பிடி கோதுமையைப் போட்டாள். ஓடைக்கரையில் புதைத்துத் தலை முழுகிவிட்டுத் திரும்பி வந்தபோது, யாரும் பற்ற வைக்காமலே அவள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கஞ்சி குழைய வெந்தது. முனியன் இரண்டு மிடறு குடித்தான். அது தங்கியது.

அதற்குப் பிறகு வந்த மூட்டைகளில் சிலதுக்கு அடுப்பு எரிந்தது, சிலதுக்கு எரியவில்லை. எரியாவிட்டால் தெரு வைக்கோலை எடுத்து வைத்துக்கொள்ளும், காசியம்மாள் போய் உட்காருவாள். பிறந்த தேதியைச் சீட்டில் எழுதி, குலுக்கி எடுத்துப் பையன்களைச் சண்டைக்கு அனுப்புகிறார்கள் என்று வாத்தியார் ஒருநாள் படித்துச் சொன்னார். அந்த வருஷம் வைக்கோல் தட்டுப்பாடு வந்து, மாடுகள் இளைத்தன. சண்டை முடிந்தது, கோதுமையும் நின்றது, ஓடைக்கரை மேடுகளில் கோரை முளைத்தது.

தொண்ணூறாம் ஆண்டு வியட்நாமில் அந்த நெல் வயலைத் தோண்டியவர்கள், முதல் கோதுமையை விதைத்தவனைக் கண்டெடுத்து அவன் ஊருக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியைத் திறந்தால் எலும்புதான், ஆனால் பற்களுக்கு நடுவே ஒரு பிடி கோதுமை, ஒன்றுகூட உளுத்துப்போகவில்லை. இது எப்படி என்று அதிகாரிகள் கேட்டார்கள். சின்ன வயசிலிருந்தே வயலில் நின்று பச்சையாக மெல்லுவான் என்று சொல்லிவிட்டு அவன் தாய் பெட்டியை மூடினாள்.

அன்றைக்கு வடக்கனந்தலில் காசியம்மாள் அடுப்பில் அரிசி உலைக்குக் காலையிலிருந்து தீ பிடிக்கவில்லை. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகிவிட்ட முனியன் விறகைப் புரட்டிப் பார்த்து, ஈரம் போலிருக்கிறது, வேறு வாங்கி வருகிறேன் என்று கிளம்பினான்.

“ஈரம் இல்லடா,” என்றாள் காசியம்மாள். “ஒங்க அண்ணன எடுத்துக்கினு போறாங்க. செத்த இரு.”

பொழுது சாய்கிற நேரத்தில் தீ தானாகப் பற்றிக்கொண்டது. அவள் எழுந்து போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, அரிசியைக் களைந்து போட்டாள்.