எச்சிலுக்கு ஒதுக்கிய பச்சை

புற்றுக்கட்டியின் மேல் கதிர் எங்கே, எவ்வளவு விழ வேண்டும் என்று கணினியில் திட்டம் போடுவது அவர் வேலை. ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் தூக்கம் வராதவர் என்பதால் மருத்துவமனையில் அவருக்கு மில்லி என்றே பெயர். வீட்டில் படம் மாட்டிய ஆணி ஒரு மில்லி தள்ளிப்போனதற்காகச் சுவரையே இடித்துவிட்டார் என்பார்கள். அதெல்லாம் மிகை. இடித்தது பாதிச் சுவர்தான்.

அப்பேர்ப்பட்டவர், மனைவியின் அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி வந்தபோது, தெரிந்தே ஒரு தப்பைச் செய்தார்.

மச்சான் மகா பேச்சுக்காரர். எண் மாறிப் போன் செய்தவர்கள்கூட அவரிடம் மாட்டிக்கொண்டு, பேச்சு முடிவதற்குள் மகள் கல்யாணத்துக்கு அழைத்துவிட்டுத்தான் போனை வைப்பார்களாம். அவரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்.

கதிர் பட்டால் எச்சில் சுரப்பி காய்ந்துவிடும். வலப்பக்கச் சுரப்பி நோய்க்குள்ளேயே கிடந்தது. அது போனது போனதுதான். இடப்பக்கச் சுரப்பியை நோயின் ஓரம் உரசிக்கொண்டு நின்றது. அந்த ஓரத்தையும் சேர்த்துக் கோடு வரைந்து, உள்ளே முழு டோஸும் போக வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"அண்ணன் வாய் காயாம பாத்துக்கோங்க. அவன் பேசாம உக்காந்திருந்தா என்னால பாக்க முடியாது" என்று மனைவி சொல்லியிருந்தாள்.

மில்லி கணினியிடம் கட்டியும் சுரப்பியும் சம அந்தஸ்து என்று சொன்னார். அதற்கு உறவுமுறை எல்லாம் தெரியாது, சொன்னதைச் செய்தது. முழு டோஸுக்குச் சிவப்பு, குறைந்த டோஸுக்குப் பச்சை. சுரப்பியிலிருந்து ஒரு பச்சை நாக்கு நீண்டு, டாக்டரம்மாவின் கோட்டுக்குள் நக்கிவிட்டு நின்றது. கட்டியின் மேல் விழும் சராசரி டோஸ் மட்டும் பிரமாதம். சராசரிக்கு எப்போது குறை வந்திருக்கிறது?

சொந்தக்காரருக்குத் திட்டம் போடக் கூடாது என்பது அங்கே வழக்கம். அவர் சொந்தம் என்று சொல்லவேயில்லை. "நீங்க போட்டதை நான் வேற பாக்கணுமா சார்?" என்று டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார்.

சிகிச்சை பாதி ஓடியபின் ஒருநாள் மில்லி காத்திருப்போர் கூடத்தைக் கடந்தார். மச்சான் தர்பார் நடத்திக்கொண்டிருந்தார்.

"என் தங்கச்சி புருஷன் போட்ட பிளான்மா இது. இங்க எல்லாருக்கும் வாய் பாலைவனம். எனக்குப் பாருங்க, ஒரு தபால் ஆபீசுக்கே ஸ்டாம்பு ஒட்டிக் குடுப்பேன்."

பக்கத்தில் இருந்த டீச்சரம்மா தண்ணீர் பாட்டிலால் உதட்டை நனைத்துக்கொண்டார். அதே நோய், சிகிச்சை முடியப்போகிறவர். காய்ந்த குரலில் சொன்னார்: "எனக்கு எவர் போட்டாரோ. கொஞ்சம் மனசு வெச்சிருக்கலாம்."

போட்டவர் மில்லிதான். டீச்சரம்மாவின் நோயின் ஓரத்தில் ஒரு மில்லிகூட விட்டுவைக்கவில்லை. முன்பின் தெரியாத டீச்சருக்கு உயிரைப் பார்த்திருந்தார். மச்சானுக்கு வாயைப் பார்த்திருந்தார்.

நேராக டாக்டரம்மாவின் அறைக்குப் போய், மச்சானின் திட்டப் படத்தைத் திறந்து காட்டினார்.

"இதென்ன, கோட்டுக்குள்ள பச்சை?"

"நான் விட்டது டாக்டர்."

"கவனிக்காமயா?"

"கவனிச்சுத்தான்."

"யாரு இவர் உங்களுக்கு?"

"மச்சான்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பாக்காம கையெழுத்துப் போட்ட நானும் ஒரு டாக்டர். ரெண்டு பேர் பேரையும் சேத்து மேல எழுதுறேன். புது பிளானை உங்க ஜூனியர் போடட்டும். நீங்க அந்த கம்ப்யூட்டர் பக்கமே போகாதீங்க."

"போன நாளுக்கெல்லாம்..."

"ஈடு கட்டப் பாக்கலாம். முழுசா கட்டுமான்னு என்னை ஏன் கேக்கறீங்க? உங்களுக்கே தெரியும்."

தெரியும். அதுதான் தொல்லை.

மச்சானைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். ஆயுளில் முதல் தடவையாக மச்சான் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப இந்த வாயும் காஞ்சிடும்."

"ஆமா மச்சான்."

"அந்த ஓரத்துல நோய் பொழச்சுக் கெடந்தா?"

"தெரியல மச்சான். இனிமே விழுறது முழுசா விழும். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

மச்சான் சுவரைப் பார்த்தார். "என்மேல பரிதாபப்பட்டா இப்படிச் செஞ்சே, இல்ல என் தங்கச்சிக்குப் பயந்தா?"

"பயந்துதான்."

"அப்ப சரி. பரிதாபம்னு சொல்லியிருந்தா, இங்கயே ஒண்ணு வெச்சிருப்பேன்." சிரிக்க முயன்றார், சரியாக வரவில்லை. "அவகிட்ட நீதான் சொல்லணும் மாப்ளே. என்னைக் கோத்துவிடாதே."

சொன்னார். அவள் அழவுமில்லை, திட்டவுமில்லை. அன்றிலிருந்து அவரிடம் எதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லவுமில்லை.

புதுத் திட்டம் ஓடிய முதல் நாள், ஜூனியரின் அறைக்கதவு வரைக்கும் போனார் மில்லி. உள்ளே திரையில் சிவப்பு எதுவரை வந்திருக்கிறது என்று ஒருதரம் பார்த்தால் போதும். "சார், வேணாம் சார்" என்றான் ஜூனியர், தலையைக் குனிந்தபடி.

கூடத்துக்கு வந்து, நோயாளிகளின் வீட்டார் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். அத்தனை வருஷத்தில் அந்தப் பெஞ்சு அவ்வளவு கடினமானது என்று அவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து இடம் கொடுத்துக் கேட்டார்: "உள்ள யாருங்க, உங்க ஆளா?"

"மச்சான்" என்றார்.

"கவலைப்படாதீங்க. இங்க பிளான் போடுறவர் ஒரு மில்லிகூட விடமாட்டாராம்."

மில்லி மூடிய கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.