முன், பின்

மாடத்திதான் முதலில் பார்த்தாள். "ஏட்டி காளீஸ்வரி, அங்கன பாரு, உன் மூஞ்சி!" என்று ஈரச் சேலையோடு என் கையைப் பிடித்து இழுத்தாள். மெயினருவியில் குளித்துவிட்டு எண்ணெய்க் கடைகளைத் தாண்டி வந்துகொண்டிருந்தோம். புளியங்குடி மண்டியில் எலுமிச்சங்காய் தரம் பிரிக்கிற நாங்கள் எட்டுப் பேர், வருஷத்துக்கு ஒரு நாள் வேன் பிடித்துக் குற்றாலம் வருவோம். மூலிகைச் சோப்பு விற்கிற கடை ஒன்றின் முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். அதில் நான், இரண்டு தடவை. இடது பக்கத்து முகத்துக்குக் கீழே 'முன்' என்றும் வலது பக்கத்து முகத்துக்குக் கீழே 'பின்' என்றும் எழுதியிருந்தது. நடுவில் ஒரு க்ரீம் டப்பா. 'அதிமதுரம், குங்குமப்பூ, கோஜிக் ஆசிட். மங்கு மறையும்.'

மங்கு எனக்கு ரெண்டாவது பிள்ளை பிறந்த பிறகு வந்தது. மூக்கிலும் ரெண்டு கன்னத்திலும் கருப்பாகப் படர்ந்தது. அது வந்து எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஊர்தான் சும்மா இருக்கவில்லை. மண்டிக்குக் காய் கொண்டுவருகிற ஆள்கூட "என்னம்மா, மூஞ்சி இப்படி ஆயிட்டு" என்று கேட்டுவிட்டுத்தான் மூட்டையை இறக்குவான். உன் மூட்டையைப் பாருவே என்று சொல்ல வாய் வரும், சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் எங்கள் அண்ணன் புது வீட்டுப் பால்காய்ப்பில் ஃபோட்டோ எடுக்கும்போது என்னைக் கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலமே, உடுத்தியிருந்த ரோஸ் சேலையோடு தென்காசிக்கு பஸ் ஏறி, ஜெயசித்ரா பார்லருக்குப் போனேன்.

அவள் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொண்டு இந்த க்ரீம் டப்பாவைத் தந்தாள். மூன்றே வாரத்தில் முகம் பளபளத்தது. பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தேன். நாலாவது மாதம் வெயிலில் நின்றால் மிளகாயை அரைத்துப் பூசினாற்போல் எரிந்தது. தோல் சிவந்து, மங்கு முன்னைவிட அதிகமாகக் கருத்தது. நிப்பாட்டினால் முகம் வீங்கியது. அழுதுகொண்டே பார்லருக்குப் போய் நின்றேன். "இத கம்பெனிக்கு அனுப்புதேன்க்கா, அப்பத்தான் அவங்க பதில் சொல்லுவாங்க" என்று சொல்லி இன்னொரு ஃபோட்டோ எடுத்தாள். வெளிச்சம் பத்தாது என்று அவள் சொன்னதால் நானே வாசலுக்கு வந்து முகத்தைத் தூக்கிக் காட்டினேன். அதற்குப் பிறகு அவள் ஃபோனை எடுக்கவே இல்லை.

தோல் டாக்டர் ரெபேக்காள்தான் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கணும். டப்பாவுல எழுத மாட்டாங்க. மங்கு மெதுவாத்தான்மா குறையும். மூணு வாரத்துல போச்சுன்னா அப்பமே சந்தேகப்பட்டிருக்கணும்." வெயிலுக்கு ஒரு க்ரீம், அசிலைக் ஆசிட் என்று ஒரு ட்யூப், பொறுமை. இந்த மூன்றையும்தான் இப்போது பூசிக்கொண்டிருக்கிறேன்.

ஃபிளெக்ஸ் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். 'பின்' என்று போட்டிருந்த முகத்துக்குக் கீழே பால்காய்ப்புக்குக் கட்டிய ரோஸ் சேலை. 'முன்' என்று போட்டிருந்தது நான் அழுத முகம். நாசமத்துப் போவா, அந்த ஜெயசித்ரா திருப்பிப் போட்டிருக்கிறாள்! க்ரீம் போடுவதற்கு முந்தின முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, போட்ட பிறகு வந்த முகம் என்கிறாள். அவள் கெடுத்த முகத்தை நான் கொண்டுவந்த முகம் என்கிறாள்.

சீசனுக்கென்று போட்ட அந்தக் கடைக்குள் ஜெயசித்ராவே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே ஒரு காலேஜ் பிள்ளை, கையில் டப்பாவோடு நின்றது. கன்னத்தில் பரு வந்து போன ரெண்டு தழும்பு, அவ்வளவுதான்.

"ஏட்டி, அந்தப் போர்டக் கழட்டு."

ஜெயசித்ராவுக்கு முகம் செத்துப்போயிற்று. "சத்தம் போடாதிய அக்கா. ஃபிளெக்ஸ்காரன் மாத்திப் போட்டுட்டான். சீசன் முடியட்டும், எடுத்திருதேன்."

"சீசன் முடியதுக்குள்ள எத்தன பேரு மூஞ்சிய எரிப்ப?"

"உள்ள வாங்க, பேசிக்கிடலாம். உங்களுக்கு ரெண்டு டப்பா சும்மாவே தாரேன்க்கா."

எனக்கே தரப்போகிறாளாம்! வெயிலுக்கென்று முகத்தைச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தேன். ரெண்டு படத்துக்கும் நடுவில், அந்த டப்பாவை மறைத்துக்கொண்டு நின்றேன். எண்ணெய் வாங்க வந்தவர்கள், குளித்துவிட்டுப் போகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயசித்ரா என் கையைப் பிடித்து இழுத்தாள். மாடத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இதுல எதுக்கா முன்னாடி எடுத்தது?" என்று அந்தப் பிள்ளை கேட்டது.

"ரோஸ் சேல. மத்தது நாலு மாசம் பூசின பொறவு. இந்தா, நெசம் இங்கன நிக்கி, தொட்டுப் பாரு தாயி."

அது டப்பாவை இன்னும் கீழே வைக்கவில்லை. இன்னொரு கையை நீட்டி, பயந்து பயந்து என் கன்னத்தைத் தொட்டது. விரல் பட்ட இடம் எரிந்தது. நான் முகத்தை விலக்கவில்லை.