ஐந்தாம் கிண்ணத்துப் பல்

1

இந்தக் கதை ஒரு பொய் எண்ணிலிருந்து பிறந்தது. அந்த எண் ஒன்று புள்ளி இரண்டு. எழுதியவன் நான். பதினாறு வருடமாகச் சீனாவில், யாங்சோ நகரின் விளிம்பில், ஒரு பற்பசை ஆலையின் சோதனைக்கூடத்தில் தேய்மானம் அளக்கிறேன். கதை எழுதிப் பழக்கமில்லை. ஆனால் கண்ணால் பார்க்காத ஒன்றை அளந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்ட அன்றே கதைக்காரன் ஆகிவிட்டேன் என்று தோன்றுகிறது. அதனால் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே யாராலும் இதைப் படிக்க முடியாது. குறிப்பாக, பியான் ஹுய்ச்சினால்.

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"அன்று காலை ஆற்றிலிருந்து எழுந்த பனி ஆலையின் கூரையை…" (பனி இருந்ததா என்று நினைவில்லை. விட்டுவிட்டேன்.)

"பற்களுக்கு நினைவு உண்டா?" (இப்படிக் கேள்வி கேட்டுத் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

"ஹுய்ச்சினின் அக்கா இறந்து…" (சிக்கலே இங்கேதான். இறந்தாளா என்று எனக்குத் தெரியாது.)

ஆகவே கலவையிலிருந்து தொடங்குகிறேன். கலவையைப் பற்றி எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

2

பற்பசையில் பல்லைத் தேய்ப்பது ஒரு வெள்ளைத் தூள். பாகு போன்ற இனிப்புத் திரவத்தில் அதை மிதக்கவிட்டுத் தொட்டியில் வைத்திருப்போம். மிதக்கவிடுவது எளிது. மிதந்துகொண்டே இருக்கவைப்பதுதான் பெரும்பாடு. அடியில் போய்ப் படுத்துக்கொள்ளவேண்டும் என்பதைத் தவிர அந்தத் தூளுக்கு வேறு ஆசையே கிடையாது. ஐந்து வருடத்துக்கு முன் எங்கள் தொட்டியில் அதுதான் நடந்தது. திங்கட்கிழமை வந்து பார்த்தால் மேலே தெளிந்த நீர், அடியில் கல். குழாய்கள் அடைத்துக்கொள்ளும். காலையில் நிரப்பிய பசை பல்லைத் தொடாமல் வழுக்கும். மாலையில் நிரப்பியது ஈறைக் கிழிக்கும்.

அதைச் சரிசெய்தவள் ஹுய்ச்சின். கலவைப் பிரிவில் சாதாரண ஊழியை, அப்போது முப்பது வயது. கோந்துத்தூளை நேராகத் தண்ணீரில் கொட்டினால் மேலே நனைந்து உள்ளே காய்ந்த உருண்டைகளாகிவிடும் என்றாள். முதலில் கிளிசரினில் பிசிறி, அப்புறம் தண்ணீர் விட்டு, ஒரு மணி நேரம் ஊறவைத்தாள். கோந்து ஊறி வலைபோலப் பின்னிக்கொண்ட பிறகு, தொட்டியின் காற்றை உறிஞ்சி வெளியேற்றிவிட்டு, தூளைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்தாள். அவசரமில்லாமல் கலக்கினாள். ஒவ்வொரு துகளும் அந்த வலையில் அதனதன் இடத்தில் தொங்கி நின்றது. அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும்.

"இவ கலக்குறது என் மாமியாரோட கோபம் மாதிரி. வருஷக்கணக்கா வச்சாலும் அடங்காது," என்றார் தெங்.

"உங்க மாமியாரை இங்க கூட்டிட்டு வாங்க, அவங்களையும் ஊறவைக்கிறேன்," என்றாள் ஹுய்ச்சின்.

(தெங் எங்கள் கூடத்தின் தலைவர். அவரைக் கெட்டவராக எழுதலாமா என்று யோசித்தேன், கதைக்கு வசதியாக இருக்கும். ஆனால் எனக்கும் சேர்த்துத் தினமும் ஆவி பறக்கப் பன் வாங்கி வருகிற மனிதர். மனம் வரவில்லை.)

3

போன இலையுதிர்காலம் ஒரு புதுப் பசைக்குத் தேய்மானச் சான்று வேண்டியிருந்தது. இரண்டு நாளில் கொடுக்கவேண்டும். எட்டுக் கிண்ணம், எட்டு பிரஷ், எட்டுப் பல். மனிதப் பற்கள்தான். பல் மருத்துவர்கள் பிடுங்கியவை, கழுவி, பெயரில்லாமல் ஒன்றாகக் கலந்து டப்பாவில் வரும். ஒவ்வொன்றையும் ஒரு பிசின் கட்டையில் பதித்துக் கிண்ணத்துக்குள் பொருத்துவேன். மேலே கலவையை ஊற்றினால் எந்திரம் பத்தாயிரம் தடவை துலக்கும். சோதனையின் நடுவிலேயே தூள் படிந்துவிட்டால் பிரஷ் வெறும் நீரில் ஓடும், அளவு பொய்யாகும். அதனால் சோதனைக் கலவையையும் ஹுய்ச்சினே செய்து எடுத்துவருவாள்.

நான்கு கிண்ணம் ஊற்றினாள். ஐந்தாவதில் குனிந்தவள் குடுவையைக் கீழே வைத்தாள்.

"சா அண்ணே, இது எங்கிருந்து வந்துது?"

(சபாபதி என்ற என் பெயர் இந்த ஊரில் முதல் எழுத்து நீண்டு அதோடு நின்றுவிட்டது.)

"எது?"

"இந்தப் பல்லு."

"டப்பாவுல இருந்து."

"விளையாடாதீங்க. எந்த ஊரு ஆஸ்பத்திரி?"

"யாருக்குத் தெரியும்? நாலு மாகாணத்துப் பல்லையும் ஒண்ணாக் கொட்டித்தானே அனுப்புறாங்க."

மேல்வரிசை முன்பல். விளிம்பில் ஒரு பள்ளம், சூரியகாந்தி விதை கொறித்துக் கொறித்து விழுவது. ஒரு மூலை சாய்வாக உடைந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

"எங்க அக்கா பல்லு இது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"இந்தப் பள்ளம் ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கும்மா."

"மூலை? பத்து வயசுல ஐஸ்ல சைக்கிளோட விழுந்தா. பின்னாடி உக்காந்திருந்தது நான்தான். அந்த வெள்ளைப் புள்ளி?"

அக்கா பெயர் ஹுய்யுன். ஒன்பது வருடத்துக்கு முன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு தெற்கே ஒரு செருப்பு ஆலைக்குப் போனவள். அதன்பின் கடிதமில்லை, தொலைபேசி எண் வேலை செய்யவில்லை. வீட்டில் அவள் பெயரைச் சொல்லக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். இதெல்லாம் எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. ஐந்து வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம்.

"பல்லு போனா ஆளே போயிட்டதா அர்த்தமா? எனக்கே மூணு இல்ல," என்றேன்.

"முப்பத்தெட்டு வயசுல முன்பல்லு தானா விழுமா அண்ணே? யாரு அடிச்சாங்க?"

4

இந்த இடத்தில் நான் தெங்கிடம் ஓடிப்போய் அந்தப் பல்லை எடுத்துவிடச் சொன்னதாக ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். நான் போகவில்லை. கேட்டிருந்தால் எடுக்கச் சொல்லியிருப்பார். பொருத்தி, சமன்செய்து வைத்த எட்டைக் கலைத்தால் ஒரு நாள் போகுமே என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

ஹுய்ச்சின் குடுவையைப் பார்த்தபடி நின்றாள்.

"கோந்தைக் கொஞ்சம் குறைச்சுப் புதுசா ஒண்ணு கலக்கிட்டு வந்தாப் போதும். பத்து நிமிஷத்துல தூள் அடியில போயிடும். அவமேல வெறும் தண்ணிதான் படும்."

"பசை மெத்துனு இருக்குன்னு சான்று போயிடும். அப்புறம் ஊர் ஈறெல்லாம்…"

"தெரியும் அண்ணே. எனக்கா சொல்றீங்க?"

வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டாள். "அரைகுறையா ஒண்ணைக் கலக்கிட்டு வந்தேன்னா அவளே என்னைச் செருப்பால அடிப்பா." ஐந்தாவது கிண்ணத்தில் ஊற்றினாள். மிச்ச மூன்றிலும் ஊற்றினாள். பிறகு எந்திரத்துக்கு எதிரில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.

பத்தாயிரம் தடவைக்கு ஒரு மணி ஏழு நிமிடம் ஆகும். அவ்வளவு நேரமும் அந்தப் பல்லோடு பேசிக்கொண்டிருந்தாள். பட்டப்பகல், கண்ணாடிச் சன்னலில் வெயில், பக்கத்து அறையில் தெங் தொலைபேசியில் சத்தம்போடுகிறார். இவள் அவர்கள் கிராமத்துப் பேச்சில், பாதி எனக்குப் புரியாமல், ஒன்பது வருடத்துச் சேதியைச் சொல்கிறாள். அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது. பழைய வீட்டை இடித்துவிட்டார்கள். "அன்னிக்கு நான் போனாத் திரும்பி வராதேன்னு சொன்னேனே, அதையா மனசுல வச்சுக்கிட்ட? கோபத்துல சொன்னது, கழுதை."

(இங்கே "கிண்ணத்திலிருந்து ஒரு பதில் வந்தது" என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். பதில் வரவில்லை. எட்டு பிரஷ்களும் ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் அவள் கேள்வி கேட்டுவிட்டு நிறுத்திய ஒவ்வொரு முறையும், ஒருவர் பேசி முடிக்கும் அளவுக்குச் சரியாக இடம்விட்டு, தலையசைத்து, அடுத்ததைச் சொன்னாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தேநீர் குடிக்கப் போய்விட்டேன்.)

5

மறுநாள் அளந்தேன். ஒரு நுண்ணூசி பல்லின் மேல் ஊர்ந்து மேடுபள்ளத்தைக் கோடாக வரையும். பிரஷ் படாமல் நாடா ஒட்டி மூடிவைத்த பகுதிக்கும் துலக்கிய பகுதிக்கும் நடுவே ஒரு படி தெரியும். அந்தப் படிதான் தேய்மானம்.

ஏழு பற்களிலும் படி இருந்தது. ஒரு மைக்ரானுக்கு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு, சற்று மேலே, கிட்டத்தட்ட ஒரே அளவு. ஐந்தாவதில் கோடு நேராகப் போனது. படியே இல்லை.

கட்டையைத் திருப்பி வைத்து அளந்தேன். ஊசியை மாற்றி அளந்தேன். ஐந்தாவது பிரஷ்ஷின் நார்களும் மற்றவை மாதிரியே வளைந்து கிடந்தன, ஆகவே பல்லைத் தொட்டிருக்கிறது. கிண்ணத்தில் மிஞ்சிய கலவையை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி வைத்தேன். ஒரு வாரம் கழித்தும் ஒரு மயிரிழை தெளிவு மேலே இல்லை. அவ்வளவு நல்ல கலவை. அது அந்தப் பல்லின் மேல் பத்தாயிரம் தடவை ஓடியிருக்கிறது.

சான்றுத் தாளில் எட்டுக் கட்டம். ஐந்தாவதில் பூச்சியம் என்று எழுதினால் முழுச் சோதனையும் மறுபடி. மற்ற ஏழின் சராசரியைப் போட்டேன். ஒன்று புள்ளி இரண்டு. தெங் கையெழுத்திட்டார்.

6

நான் கிளம்பும்போது ஹுய்ச்சின் வாசலில் நின்றிருந்தாள்.

"எவ்வளவு அண்ணே தேஞ்சுது?"

மூன்று பதில்கள் என்னிடம் இருந்தன. இப்போது எழுதும்போது மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அவளிடம் சொல்லிப் பார்க்கிறேன். "தெரியல." "தேயவே இல்ல." உண்மையில் சொன்னது மூன்றாவது.

"ஒண்ணு புள்ளி ரெண்டு. எல்லாத்தையும் போலத்தான்."

அவள் தன் முன்பல்லை நாக்கால் தடவிப் பார்த்தாள்.

"நான் மனசுக்குள்ள வேண்டிக்கிட்டேன் அண்ணே. அவ உயிரோட இருந்தா இந்தப் பல்லு தேயக்கூடாதுன்னு." சிரிக்கப் பார்த்தாள். "பைத்தியக்காரத்தனம், இல்ல? சரி. இப்பத் தெரிஞ்சுபோச்சு."

ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். அன்று மாலையே அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். ஒன்பது வருடமாக அந்தப் பெயரைச் சொல்லவிடாத மனிதர் அதைச் சொல்லிச் சொல்லி அழுதாராம்.

(ஹுய்ச்சின் மேல் எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. நான் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்திருக்கலாம். ஆனால் பிடித்தவள் அப்புறம் வந்து "எவ்வளவு தேஞ்சுது" என்று அந்த முகத்தோடு கேட்பாளா?)

7

இனி எழுதப்போவதைத் திருத்தாமல் விடுகிறேன்.

சோதித்த பற்களை எரித்துவிடவேண்டும். ஐந்தாவதை மட்டும் எடுத்து மேசை இழுப்பறையில் பூட்டினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பனிக்காலம் முழுக்க அங்கேயே கிடந்தது.

நாளை ச்சிங்மிங், எல்லோரும் குடும்பக் கல்லறைகளைத் துப்புரவு செய்யும் நாள். ஹுய்யுனுக்கும் ஒரு குழி வெட்டியாயிற்று. உடல் இல்லாததால் அவளுடைய பழைய மேலங்கியை வைக்கிறார்கள். போன வாரம் ஹுய்ச்சின் கேட்டாள்: "அந்தப் பல்லு உங்ககிட்டதான் இருக்குன்னு தெரியும் அண்ணே. குடுத்திடுங்க. வெறும் துணியைப் புதைக்க அப்பாவுக்கு மனசு வரல."

தருகிறேன் என்றேன். தருவதற்கு முன் ஒருமுறை ஊசியின் கீழே வைத்தேன். விதை கொறித்த பள்ளத்தை இலையுதிர்காலத்தில் அளந்து வைத்திருந்தேன்: நானூற்றுப் பன்னிரண்டு மைக்ரான். இப்போது நானூற்று முப்பத்தொன்று. மறுநாள் அளந்தேன், அதே அளவு. நான்கு நாள் கழித்து அளந்தேன், நானூற்று முப்பத்திரண்டு.

பூட்டிய இழுப்பறைக்குள், பிசினில் புதைந்த பல்லில், பள்ளம் ஆழமாகிக்கொண்டிருக்கிறது. எங்கேயோ யாரோ உட்கார்ந்து விதை கொறிக்கிறார்கள்.

அல்லது என் ஊசி பழுது. எனக்குக் கண் மங்குகிறது. ஐம்பத்தெட்டு வயது.

உண்மையைச் சொன்னால் அவள் நாளையே தெற்கே ரயிலேறுவாள். எந்த ஊர், எந்த ஆலை, எதுவும் தெரியாமல். அவள் அப்பா வெட்டவைத்த குழி திறந்தபடி கிடக்கும். சொல்லாமல் கொடுத்தால் உயிரோடிருக்கும் ஒருத்தியின் மேல் நாளை மண் விழும். வேறொரு பல்லைக் கொடுத்து ஏமாற்றவும் வழியில்லை, ஹுய்ச்சினுக்கு அந்த உடைந்த மூலை தெரியும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் வந்துவிட்டாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒரு பிஸ்கட் தகர டப்பா, உள்ளே சிவப்புத் துணி விரித்திருக்கிறது.

"என்ன எழுதுறீங்க, புழு நெளியிற மாதிரி?"

"வீட்டுக்கு."

"அப்புறம் எழுதுங்க. அப்பா வெளியில வண்டியில உக்காந்திருக்காரு, காத்து அடிக்குது."

இழுப்பறையைத் திறந்து கட்டையை எடுத்துவிட்டேன். இளஞ்சூடாக இருக்கிறது. அது என் கையின் சூடாகவும் இருக்கலாம். அவள் டப்பாவை மேசைமேல் வைத்து என் பக்கம் நகர்த்துகிறாள். இடதுகையால் பேனாவை மூடப்போகிறேன். வலதுகையின் விரல்களை விரிப்பதா, மடக்குவதா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். சீக்கிரம், கிழவர் குளிரில் இருக்கிறார்.